குழந்தையும் பெரியவரும் ஒரே பாயில்: ஊருக்குள் குடும்பக் கலைப் பட்டறை என்றால் என்ன?

ஓவிய வகுப்பு எல்லோருக்கும் தெரிந்தது. சனிக்கிழமை காலை பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போவோம். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து கூட்டிக்கொண்டு போவோம். பிள்ளையின் கையில் ஒரு படம் இருக்கும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. குடும்பக் கலைப் பட்டறையில் இறக்கிவிட வந்தவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார வேண்டும். அம்மா, தாத்தா, அத்தை, பத்தாம் வகுப்பு படிக்கும் அண்ணன், யாராக இருந்தாலும் சரி. பிள்ளைக்குக் கொடுக்கும் அதே மண், அதே ஓலை, அதே தூரிகை அவருக்கும் உண்டு.

இந்த ஒரு மாற்றத்தால் பாக்கி எல்லாமே மாறிப்போகும். பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்தால் பிள்ளை செய்வதற்கு மார்க் போட ஆரம்பித்துவிடுவார். தானும் செய்ய உட்கார்ந்தால் தன் கையிலும் களிமண் விரிசல் விடுவதைப் பார்ப்பார். அதன் பிறகு "இப்படியா செய்வாங்க?" என்ற பேச்சே எழாது.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் படத்தைப் பார்த்து வரையச் சொல்லிக்கொடுப்பதே கலைக் கல்வி என்று உலகம் முழுக்க நினைத்திருந்த காலத்தில், 1897-இல், வியன்னா நகரில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கலை வகுப்பு தொடங்கினார். பிள்ளைகளைத் தங்கள் போக்கில் செய்ய விடுவதுதான் அங்கே பாடம். இன்று நாம் பட்டறை என்று சொல்வதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. நம் ஊரில் அதற்கு முன்பே வேறொரு வழி இருந்தது: பாட்டி கோலம் போடும்போது பக்கத்தில் குந்தியிருந்து புள்ளி வைக்கப் பழகுவது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் குமரி மாவட்டத்துக்கு ஏற்ற ஒரு பட்டறை கிடைத்துவிடும்.

பட்டறையில் மாதிரிப் படம் எதுவும் சுவரில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் முப்பது பேரும் அதையே செய்வார்கள், அதில் இருபத்தைந்து பேர் "எனக்கு வரலை" என்பார்கள். செய்முறையைக் காட்டலாம், முடிந்த பொருளைக் காட்டக் கூடாது. கீறி ஒட்டுவது எப்படி என்று காட்டுங்கள். யானை செய்து காட்டாதீர்கள்.

பொருளில் இருந்து தொடங்குங்கள்

புதிதாகப் பட்டறை நடத்துபவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் ஸ்டேஷனரி கடை. மினுமினுப்புத் தூள், பஞ்சு உருண்டை, பிளாஸ்டிக் கண் எல்லாம் வாங்கிவிடுவார்கள். அவ்வளவு பொருள் மேசையில் இருந்தால் பிள்ளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், எதையும் பழகாது. ஒரு பட்டறைக்கு ஒரு பொருள் போதும், துணைக்கு இன்னொன்று. நம் மாவட்டத்தில் அந்த ஒரு பொருளுக்குப் பஞ்சம் கிடையாது. கடலோரத்தில் தாழை, உள்ளே வந்தால் தென்னையும் பனையும் வாழையும், நாஞ்சில் நாட்டுக் குளங்களில் களிமண், தோவாளையில் பூ, மேற்கே ரப்பர்.

களிமண்ணை எடுத்துக்கொள்வோம். எல்லா வயதுக்கும் ஒத்துவரும் பொருள் இது. அதிகம் சொதப்புவதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆளுக்கு அரைக் கிலோ ஈரக் களிமண் கணக்கு. முப்பது பேருக்கு 15 கிலோ, மேற்கொண்டு 5 கிலோ கையிருப்பு. குளத்தில் நேராகப் போய் வெட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும்; பானை செய்பவரிடம் பதப்படுத்திய மண்ணாகவே வாங்குவது எளிது, அவருக்கும் வருமானம். பச்சை மண்தான் கிடைத்தது என்றால் ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். நன்றாகக் காயவைத்து உடைக்க வேண்டும். காய்ந்த மண்தான் தண்ணீரில் சீக்கிரம் கரையும். பாதி ஈரமாக இருக்கும் கட்டி உள்ளே கல்லாகவே கிடக்கும். இரண்டு நாள் ஊறவைத்து, கொசுவலைத் துணியில் கரைத்து வடிகட்டினால் வேரும் கல்லும் நத்தை ஓடும் தங்கிவிடும். தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, சேற்றைப் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிடுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும், பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த நுண்மணல் சேர்த்து மிதித்துப் பிசைய வேண்டும். மணல் சேர்க்காத வழுவழுப்பான மண் காயும்போது அதிகம் சுருங்கும், விரிசலும் அதிகம் விடும்.

பதம் பார்க்க ஒரு வழி: விரல் தடிமனுக்கு ஒரு திரி உருட்டி, அதை மோதிரம் போல வளையுங்கள். வெளிப்பக்கம் வெடித்தால் தண்ணீர் போதாது. வளைத்த பிறகு தொய்ந்து விழுந்தால் தண்ணீர் அதிகம். இன்னும் அரைமணி நேரம் துணியில் கிடக்கட்டும்.

பட்டறை அன்று மூன்றே மூன்று விஷயம் காட்டினால் போதும். முதலாவது, உருண்டையில் கட்டைவிரலை அழுத்திச் சுற்றிச் சுற்றிக் கிள்ளி ஒரு சின்னக் கிண்ணம் ஆக்குவது. இரண்டாவது, திரி உருட்டி அடுக்குவது. மூன்றாவதுதான் மிக முக்கியமானது: ஒட்டுவது. யானைக்குக் காது வைக்கும் பிள்ளை, காதை உடம்பில் அழுத்திவிட்டு ஒட்டிவிட்டது என்று நினைக்கும். மறுநாள் காது தரையில் கிடக்கும், பிள்ளை அழும். ஒட்டும் இரண்டு பரப்பிலும் ஈர்க்கிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். மண்ணைக் கூழ் போலக் கரைத்து அந்தக் கீறலில் தடவ வேண்டும். பிறகு அழுத்தி, இணைப்பை விரலால் இழுத்து மெழுகிவிட வேண்டும். கீறு, கூழ், அழுத்து, மெழுகு. இந்த நான்கு சொல்லையும் பிள்ளைகளையே சத்தமாகச் சொல்ல வைத்தால் மறக்காது.

தடிமன் எங்கேயும் பெரியவர் கட்டைவிரலைத் தாண்டக் கூடாது. கொழுத்த பொம்மையென்றால் கரண்டிக் காம்பால் அடியிலிருந்து குடைந்து எடுத்துவிடுங்கள். சூளையில் வைக்கப்போகும் உருப்படிக்கு இது கட்டாயம். தடித்த மண்ணுக்குள் ஈரம் தங்கியிருந்தால் சூட்டில் ஆவியாகி உருப்படியை வெடிக்க வைக்கும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். சுடப்போவதில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: இது தண்ணீர் பட்டால் கரையும், விளக்காகவோ குடிக்கும் கிண்ணமாகவோ பயன்படாது.

காயவைப்பது நிழலில்தான். வெயிலில் வைத்தால் வெளித்தோல் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், நடுவில் பிளக்கும். மாசி, பங்குனியில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். நமக்குத்தான் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை; அப்போது இரண்டு வாரம்கூட ஆகும். ஆகவே மண் பட்டறையைக் கோடை விடுமுறையில் வைத்துவிட்டு, மழைக்காலத்துக்கு ஓலையை ஒதுக்குவதுதான் நல்லது.

ஓலை: வீட்டில் இருக்கும் ஆசிரியர்

குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கத் தெரிந்த ஒருவராவது கடலோர ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் இருப்பார். கோவில் கொடைக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டத் தெரிந்தவர் அடுத்த தெருவில் இருப்பார். கடவமும் ஓலைப்பெட்டியும் முடைந்த கை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஓலைப் பட்டறையில் இவர்கள்தான் ஆசிரியர்கள். பேரப்பிள்ளைக்குக் கைபேசியைத் திறக்கத் தெரியும், ஆச்சிக்கு ஓலைப் பந்து செய்யத் தெரியும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பக்கத்தில் என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் எதிரே உட்காரக் கூடாது. எதிரே உட்கார்ந்தால் அவருடைய வலது கை பிள்ளைக்கு இடப்பக்கம் தெரியும்; மடிப்பு தலைகீழாகிவிடும். ஒரே திசையைப் பார்த்து, தோளோடு தோளாக உட்கார வேண்டும். இன்னொன்று: பழகிய கை மிக வேகமாகப் போகும். நாற்பது வருடமாக முடைந்தவருக்குத் தன் விரல் என்ன செய்கிறது என்பதே தெரியாது. "பாட்டி, ஒரு மடிப்பு செய்துட்டு நில்லுங்க, பிள்ளை செய்த பிறகு அடுத்தது" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்குத் தென்னை ஓலையில் ஒரு சின்னத் தடுக்கு போதும். ஓலையின் ஈர்க்கிலை நீக்கினால் ஒன்றிலிருந்து இரண்டு பட்டை வரும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். 30 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, ஆளுக்குப் பதினாறு பட்டை கொடுங்கள். எட்டுப் பட்டையை நெடுக்காக அடுக்கி, மேல் நுனிகளை ஒரு மரச்சட்டத்தின் கீழ் வைத்து, சட்டத்தின் மேல் ஒரு செங்கல். மீதி எட்டு குறுக்கே போக வேண்டும். ஒன்றுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ். அடுத்த வரிசை அதற்கு எதிர்.

தவறு எப்போதும் இரண்டாவது வரிசையில்தான் நடக்கும். பிள்ளை முதல் வரிசையைப் போலவே இரண்டாவதையும் "மேலே" என்று தொடங்கும். பார்வைக்குச் சரியாகவே இருக்கும், கையில் எடுத்தால் இரண்டு பட்டையும் சேர்ந்து வழுக்கும். இதற்கு நெடுக்குப் பட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். ஒற்றை வரிசைக்குப் புள்ளி உள்ளதைத் தூக்கு, இரட்டை வரிசைக்குப் புள்ளி இல்லாததைத் தூக்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது பிடிபட்டுவிடும்.

வெட்டிய உடனே முடைந்தால் இரண்டு நாளில் பட்டைகள் சுருங்கி இடைவெளி விழும். அதனால் ஓலையை முந்தின நாளே நறுக்கி நிழலில் வாடவிடுங்கள். பனை ஓலை என்றால் நேர்மாறு: அது காய்ந்தே இருக்கும், அரைமணி நேரம் தண்ணீரில் ஊறினால்தான் மடிப்பில் வெடிக்காது. பனைமட்டையின் கருக்கு வாள் மாதிரி அறுக்கும். மட்டையைச் சீவி ஓலையாக மட்டுமே பட்டறைக்குள் கொண்டுவர வேண்டும். பழகுவதற்குப் பச்சை ஓலையே தாராளம். குருத்தை வெட்டினால் மரத்துக்கு ஒரு மட்டை நட்டம், அதை விழாவுக்கே விட்டுவிடலாம்.

ஓலை முடைபவரையோ பானை செய்பவரையோ பூக்கட்டுபவரையோ வெளியிலிருந்து அழைத்தால் அவருடைய ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். சார்ட் பேப்பருக்குப் பணம் இருக்கும், கைவினைஞருக்கு மட்டும் பொன்னாடை என்பது நியாயம் இல்லை. அழைப்பிதழில் அவரை ஆசிரியர் என்றே போடுங்கள்.

நிறம் எங்கிருந்து வரும்

கடையில் வாங்கும் போஸ்டர் கலரில் தப்பில்லை. ஆனால் நிறத்தை அரைத்து எடுத்த பிள்ளை அதை வீணாக்காது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளியிலிருந்து போன பிள்ளைகள் கண்ணாடி மாதிரி மின்னும் அந்தக் கறுப்புத் தரையை நினைவில் வைத்திருப்பார்கள். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து தேய்த்த தரை அது. அதே சிரட்டைக் கரியில் நாமும் ஒரு கறுப்பு செய்யலாம்.

மூடியில் ஆணித்துளை போட்ட டின்னில் சிரட்டைத் துண்டுகளை நிரப்பி அடுப்பில் வைத்து, துளையில் புகை நிற்கும்வரை எரிக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகே திறக்கணும். சூடாகத் திறந்தால் காற்று பட்டு மறுபடி தீப்பிடித்துச் சாம்பலாகிவிடும். இது பெரியவர் முன்கூட்டியே செய்யவேண்டிய வேலை. பிள்ளைகளின் வேலை இடிப்பதும் துணியில் சலிப்பதும். இடிக்கும்போது தூள் மூக்கில் போகாமல் இருக்கச் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். கருவேலம் பிசினை இரண்டு மடங்கு வெந்நீரில் இரவு ஊறவைத்து, இரண்டு கரண்டிக் கரிக்கு ஒரு கரண்டி பிசின் தண்ணீர் என்று குழையுங்கள். காய்ந்த பிறகு விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் கரி வந்தால் பிசின் குறைவு, படம் பளபளத்து வெடித்தால் பிசின் அதிகம்.

மஞ்சள் நமக்குத் தெரிந்த நிறம். அதில் துளி சுண்ணாம்பு பட்டால் ஆரத்திச் சிவப்பு. சங்குப்பூ இருபதை அரை டம்ளர் வெந்நீரில் போட்டால் நீலம். எலுமிச்சை பிழிந்தால் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும், ஆப்பச்சோடா போட்டால் பச்சைக்குப் போகும். இந்த ஒரு காட்சிக்காகவே பிள்ளைகள் மறுபடி வருவார்கள். சுண்ணாம்பு மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும், கண்ணில் பட்டால் பெரிய காயம் ஆகும். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் சில வாரங்களில் வெளுத்துப்போகும் என்பதையும் சொல்லிவிடுங்கள், பிறகு ஏமாற்றம் இருக்காது.

தூரிகைக்குத் தாழை இருக்கிறது. தாழையின் விழுதை ஒரு சாண் வெட்டி, நுனியைக் கல்லில் நைத்தால் நார் பிரிந்து தூரிகையாகும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க நம் பெரியவர்கள் வைத்திருந்தது இதுதான். பெரிய தாளில் தடித்த கோடு போட இதற்கு இணை இல்லை. மெல்லிய கோட்டுக்கு நைத்த ஈர்க்கில் நுனி.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தூரிகையே வேண்டாம். ஒரு கப் மைதாவை மூன்று கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கரண்டி உப்புப் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, நான்கு கிண்ணத்தில் பிரித்து நிறம் கலந்தால் விரலால் பூசும் வண்ணம் தயார். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், நம் வெக்கையில் மறுநாள் புளித்து நாறும்.

காய் அச்சு எல்லோரும் செய்வது, அதனால் இரண்டு வார்த்தை மட்டும். வெண்டைக்காயும் பாகற்காயும் நன்றாக வரும். வாழைமட்டையின் குறுக்கு வெட்டு தேன்கூடு மாதிரி அறை அறையாக விழும், அதை விட்டுவிடாதீர்கள். வெட்டிய பரப்பைத் துணியில் ஒற்றாமல் வண்ணத்தில் முக்கினால் வழுக்கி அப்பிவிடும். வண்ணத்தைக் கிண்ணத்தில் வைக்காமல் தட்டில் ஸ்பாஞ்ச் வைத்து அதில் ஊற்றுங்கள், தேவையான அளவு மட்டும் ஏறும். வாழை தொடும் நாளுக்குப் பழைய உடுப்பில் வரச் சொல்லுங்கள். வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது.

உள்ளே வரக் கூடாதவை

இயற்கைப் பொருள் எல்லாமே பிள்ளைக்குப் பாதுகாப்பானது என்று நினைப்பது பெரிய தவறு. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பிள்ளையார் பொம்மைக்குக் கண் வைக்கும் குன்றிமணி கடும் விஷம். ஓடு உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. கண்ணுக்கு மிளகு வையுங்கள். அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு. 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலை அரளியால் மடித்துக் கட்டுவது. அதன் அழகைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்தான். மாலை கட்டுபவர் செய்து காட்டட்டும், பிள்ளைகள் வாடாமல்லியிலும் செவ்வந்தியிலும் வாழைநாரிலும் பழகட்டும். எருக்கம்பால் கண்ணைக் கெடுக்கும். முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெய் தோலைப் பொள்ளவைக்கும். புள்ளி புள்ளியாக அழகாக இருக்கும் ரப்பர் கொட்டை கோர்க்கவும் ஒட்டவும் நல்லதுதான், வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

கன்னியாகுமரி கடற்கரையில் பொட்டலம் போட்டு விற்கும் நிற மணலைப் பார்த்து, மணல் ஓவியம் வைக்கலாமே என்று பலருக்கும் தோன்றும். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணலில், கதிர்வீச்சு உள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது. கரையில் விளையாடுவது வேறு. அள்ளி வந்து மூடிய அறையில் பிள்ளைகள் தூசி பறக்கக் கையாள்வது வேறு. மணல் ஓவியத்துக்குக் கோலப்பொடியில் நிறம் கலந்தால் போதும். சிப்பி பொறுக்கும்போது உள்ளே உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பவளத் துண்டுகளையும் சில வகைச் சங்கு சிப்பிகளையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, அவற்றைத் தொடவே வேண்டாம்.

எந்த நேரம், எந்த இடம்

விளம்பரம் செய்தும் ஆள் வரவில்லை என்றால் பெரும்பாலும் குறை நேரத்தில்தான் இருக்கும். நம் மாவட்டத்தில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு பிழைப்பு, ஒவ்வொரு பிழைப்புக்கும் ஒரு கடிகாரம். மீனவ ஊர்களில் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்த பிறகு குடும்பம் முழுக்க வரும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே பிற்பகல்தான் சரி. தோவாளையில் ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்தின் அறுவடை நாட்களை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டோடு மாவட்டம் இணைந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழாவின் டிசம்பர் 3 போன்ற உள்ளூர் விடுமுறைகளையும் காலண்டரில் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நூலகம், அங்கன்வாடி, சமுதாயக் கூடம், பங்கு மண்டபம், பள்ளி வராந்தா எதுவானாலும் இரண்டு விஷயம் வேண்டும்: பத்தடிக்குள் தண்ணீர்க் குழாய், கழுவிவிடக்கூடிய தரை. மேசை நாற்காலியைத் தேடி அலைய வேண்டாம். பாயில் உட்கார்ந்தால் மூன்று வயதும் எழுபது வயதும் ஒரே உயரம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு மட்டும் நான்கு நாற்காலி, அவர்கள் மடியில் வைத்துக்கொள்ள நான்கு பலகை. ஒரு சமுதாயத்தார் மட்டுமே வந்து போகும் இடமாக இருந்தால் மற்றவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். நூலகமும் அரசுப் பள்ளியும் அதனால்தான் முதல் தேர்வு.

காற்றைக் கணக்கில் எடுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை ஏன் வைத்தார்கள் என்பது ஆடி மாதத்தில் தாளை விரித்தால் புரியும். கடற்கரை ஊர்களிலும் பிற்பகலில் கடற்காற்று ஏறும். காற்று நாளில் கோலப்பொடி, தாள் கிழித்து ஒட்டும் வேலை எல்லாம் வேண்டாம். மண்ணோ ஓலையோ வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு குடும்பம், ஏறக்குறைய முப்பது பேர், நான்கு உதவியாளர். முதல் முறைக்கு இதற்கு மேல் போகாதீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் முதல் பத்து நிமிடம் பொருளைத் தொட்டு, முகர்ந்து, உடைத்துப் பார்க்க. அடுத்த பத்து நிமிடம் செய்முறை. பிறகு ஐம்பது நிமிடம் யாரும் பேசி இடைஞ்சல் செய்யாத வேலை நேரம். கடைசி இருபது நிமிடம் கழுவவும் அடுக்கவும் ஒருவர் செய்ததை ஒருவர் பார்க்கவும். கழுவும் வேலையும் பட்டறையில் சேர்ந்ததுதான். அதை உதவியாளர் தலையில் கட்டினால் அடுத்த மாதம் உதவியாளர் வரமாட்டார்.

பெரியவரின் கை எங்கே இருக்கணும்

தன் முன்னால் இருக்கும் மண்ணில் இருக்கணும். இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு தாளில் எழுதியும் ஒட்டுங்கள்: "பிள்ளையின் வேலையில் பிள்ளையின் கை மட்டும்." பத்து நிமிடம் தாக்குப்பிடிப்பார்கள். பிறகு ஓர் அப்பா மெதுவாகக் கையை நீட்டி, பிள்ளை செய்த மாட்டின் காலை நேராக்குவார். பிள்ளை ஒன்றும் சொல்லாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மாடு அப்பாவுடையது. பிள்ளை ஜன்னல் வழியே பார்க்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் உதவியாளர் செய்யவேண்டியது அப்பாவைத் திருத்துவது இல்லை. அவர் கையில் இன்னொரு உருண்டை மண்ணைக் கொடுத்து, "உங்க மாட்டுக்குக் கொம்பு எப்படி வைக்கப்போறீங்க?" என்று கேட்டால் போதும்.

மூன்று வயதுப் பிள்ளை கிறுக்கும். அதற்குப் பெயர் கேட்காதீர்கள். கை போகும் போக்குத்தான் அங்கே படம். ஐந்து வயதில் தலையிலிருந்து நேராகக் கால் முளைக்கும் மனிதன் வருவான், அவன் அப்படித்தான் வர வேண்டும். ஏழு, எட்டு வயதில் கீழே ஒரு தரைக்கோடு போட்டு அதன்மேல் வீட்டையும் மரத்தையும் நிறுத்தும். பத்து வயதுக்கு மேல்தான் "நிஜம் மாதிரி வரலையே" என்ற வருத்தம் தொடங்கும். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947-இல் வகுத்துச் சொன்ன படிநிலைகள் ஏறக்குறைய இவை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் "எல்லாமே அழகுதான்" என்றால் நம்பமாட்டார்கள். அவர்களுக்கு நுணுக்கம் கற்றுக்கொடுக்க வேண்டும். நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த லேஸ் பின்னல் கைவரப் பெற்ற பாட்டிகள் கிடைத்தால் இந்த வயதுப் பிள்ளைகளை அவர்களோடு உட்கார வைக்கலாம்.

பாராட்டும்போது "சூப்பர்" என்று மட்டும் சொன்னால் பிள்ளை அடுத்த "சூப்பர்" வாங்குவதற்காகச் செய்யும். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். "மக்ளே, இந்த வாலைச் சுருட்டி வச்சிருக்கியே, ஒடியாம எப்படி வளைச்ச?" என்று கேட்டால் அது பத்து நிமிடம் விளக்கும். அந்த விளக்கம் கூட வந்த தாத்தாவின் காதில் விழ வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். இதே காரணத்தால் பரிசு, முதலிடம், இரண்டாமிடம் எதுவும் வேண்டாம். ஒருவருக்குக் கோப்பை கொடுத்தால் மீதிப் பதினைந்து பேருக்கு "நீ இல்லை" என்று சொன்னதாகிவிடும். போட்டிக்குப் பள்ளியும் சங்கமும் நிறையவே இருக்கின்றன.

மேற்கு எல்லைப் பகுதியில் வீட்டில் மலையாளம் பேசும் குடும்பங்களும் வரும். செய்முறையை வாயால் சொல்வதைக் குறைத்துக் கையால் காட்டினால் யாருக்கும் தடை இல்லை. பேசாத பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் இதே வழிதான். கத்தரிக்கோல் வாங்கும்போது இடதுகைக்காரர்களுக்கு என்று குறைந்தது இரண்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை தாளை வெட்ட முடியாமல் மடக்கிக்கொண்டே இருக்கும், எல்லோரும் அதற்கு வேலை வராது என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப்பில் போடுமுன் பெற்றோரிடம் கேளுங்கள். கைகளை மட்டும் படமெடுத்தால் அந்தக் கேள்வியே வராது, வேலையும் தெளிவாகத் தெரியும்.

மூன்று, நான்கு பட்டறை நடந்த பிறகு எல்லோரையும் அழைத்துக்கொண்டு பத்மநாபபுரம் போகலாம். திங்கட்கிழமை விடுமுறை. முழு அரண்மனையையும் ஒரே மூச்சில் சுற்றாமல், பூமுகம் என்ற முன்மண்டபத்து மரக்கூரையின் கீழே அரைமணி நேரம் உட்காருங்கள். தொண்ணூறு பூக்கள் செதுக்கியிருக்கிறது என்பார்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஆளுக்கு ஒரு பூவைத் தேர்ந்து சின்ன நோட்டில் பென்சிலால் குறிக்கட்டும். தாளைச் சிற்பத்தின் மேல் வைத்துத் தேய்த்து எடுப்பது வேண்டாம். மரமும் கல்லும் தேயும். அடுத்த பட்டறையில் அந்தக் குறிப்பைப் பார்த்து, ஒரு சாண் களிமண் பலகையில் பூவை எழுப்பலாம். பலகை காயும்போது நான்கு மூலையும் மேலே தூக்கும். அதைத் தடுக்க இரண்டு செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே ஒரு பலகையை ஏற்றி, நாளுக்கு ஒரு தடவை தாளை மாற்றிப் புரட்டிவிட வேண்டும். இந்த வேலையைக் குடும்பங்களுக்கு முறைவைத்துக் கொடுத்துவிட்டால் பலகை பார்க்கிற சாக்கில் வாரம் முழுக்க யாராவது நூலகத்துக்கு வந்து போவார்கள்.

மிச்சக் களிமண்ணைக் கொட்டிவிடாதீர்கள். உடைந்த காது, வால், பாதியில் விட்ட கிண்ணம் எல்லாம் காய்ந்ததும் ஒரு வாளியில் போட்டு மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். வண்ணம் பூசியதையும் பசை பட்டதையும் மட்டும் தனியே எடுத்துவிடுங்கள், அது சேர்ந்தால் மண் ஒட்டாது. வாளியின் மேல் அடுத்த பட்டறைத் தேதியை எழுதி ஒட்டி, அதற்கு மூன்று நாள் முன்னால் மண்ணை எடுத்துத் துணியில் கட்டித் தொங்கவிட யாராவது ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.